வலப்பக்கம் விட்ட வழி

நயினாதீவில் கொடி இறங்கிய மறுநாள் வேலணையில் யாரும் ஒழுங்காகச் சமைப்பதில்லை. திருவிழா முடிந்த களைப்பு ஒரு காரணம். பின்னேரம் றோட்டில் வான் ஓட்டம் பார்க்கப் போகவேண்டும் என்பது மற்றக் காரணம். கேட்டால் முதலாவதைத்தான் சொல்லுவார்கள்.

அன்றைக்குக் கோசலாவும் சமைக்கவில்லை. அரிசியைக் கழுவிப் பானையில் போட்டாள், தண்ணீர் விட்டாள், மூடினாள், அடுப்பை மூட்ட மறந்துபோனாள். வெகுநேரம் கழித்துத் திறந்து பார்த்தால் அரிசி பச்சைத் தண்ணீருக்குள் அப்படியே கிடந்தது.

இடையில் சில கிழமை வாசிக்காமல் விட்டவர்களுக்காக (கலியாணவீடு, செத்தவீடு என்று ஆளுக்கு ஆயிரம் அலுவல் இருக்கும், குறை சொல்லவில்லை) கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கோசலாவும் அஜந்தாவும் கூடப்பிறந்தவர்கள். அடுத்தடுத்த வளவில் வீடு. அக்காவின் புருசன் தயாபரனிடம் மஞ்சள் வான். தங்கையின் புருசன் நிரோஜனிடம் வெள்ளை வான். இரண்டும் யாழ்ப்பாணத்துக்கும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் இடையில் சனம் ஏற்றி ஓடியவை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒரே தொழிலைச் செய்தால் அடிபாடுதான் வரும் என்று ஊர் காத்திருந்தது. அவர்கள் அடிபடவில்லை. ஓடினார்கள்.

அம்மன் திருவிழாதான் வான்காரரின் உழைப்புக் காலம். அது முடிந்து, கடைசிப் படகில் வந்த சனமும் போன பிறகு, வான்கள் எல்லாம் வெறுமையாக இறங்குதுறையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பண்ணைவரை ஓடும். முதலில் போய் நிற்கிறவருக்கு அடுத்த வருடத் திருவிழா முழுக்கச் சனம் ஏற்ற முதல் முறை. கோப்பை கிடையாது, மாலை கிடையாது. வரிசையில் முன்னுக்கு நிற்கிற பெருமை மட்டும். அந்தப் பெருமைக்காக மனிதர்கள் என்னவெல்லாம் செய்வார்கள் என்பது பெண்சாதிமாருக்குத்தான் தெரியும்.

இந்த ஓட்டத்துக்கு ஒரு முறை உண்டு. புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் நடுவில் கடலை ஊடறுத்துப் போகும் தாம்போதி றோட்டு ஒடுக்கம். முன்னால் போகிறவர் மனம் வைத்தால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். மனம் வைத்தவர் கையை வெளியே நீட்டி, சாரதிப் பக்கத்துக் கண்ணாடியை மடித்துவிட்டு, இடப்பக்கம் ஒதுங்கவேண்டும். வலப்பக்கம் வழி திறக்கும். கண்ணாடியை மடித்தவர் தோற்றவர். சீதனப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கிவந்தால்கூட, "கண்ணாடியை மடிச்சிட்டினம்" என்றுதான் எங்கள் பக்கத்தில் கதை.

தயாபரன் ஒருநாளும் மடித்ததை ஊர் கண்டதில்லை. நிரோஜனும் மடித்ததில்லை.

போன வருடம் தயாபரன் முதலாவதாகப் பண்ணைக்கு வந்து சேர்ந்தான். இரண்டு சோடா வாங்கி, இரண்டையும் உடைத்து, ஒன்றைக் கையிலும் மற்றதை வான் படியிலும் வைத்துக்கொண்டு, சகலன் வந்ததும் என்ன சொல்லிக் கடுப்பேற்றலாம் என்று யோசித்தபடி நின்றான். சகலன் வரவில்லை. வெள்ளை வான் தாம்போதிக்குக் கீழே, கொக்கு நின்று மீன் பிடிக்கிற தண்ணீரில், ஒருக்களித்துக் கிடந்தது. இடுப்பளவு தண்ணீர்தான். அதற்குள் நிரோஜன்.

செத்தவீட்டில், ஆட்கள் நிறைந்த முற்றத்தில், அஜந்தா கேட்டாள்: "அத்தான், வழி விட்டனீங்களோ?"

தயாபரன் பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை வைத்து ஊர் ஒரு வருடம் பிழைத்தது. எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கையோடு அஜந்தா, இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேலியில் ஆள் புகுந்துபோகும் பொட்டை ஓலை வைத்து அடைத்தாள். கோசலா கறிச்சட்டியோடு போய்வந்த பொட்டு.

கோசலாவுக்கு அன்றில் இருந்து ஒரே கேள்வி. பக்கத்தில் படுக்கிற மனிசன் தங்கச்சியின் புருசனைச் சாக விட்டவரா, இல்லையா? கேட்டுப் பார்த்தாள். "நித்திரையைக் கொள்ளும்" என்றான். அப்படிச் சொன்னவன் நித்திரை கொள்ளவில்லை என்பது, கொள்ளாமல் கிடந்த அவளுக்குத் தெரியும்.

*

வெள்ளை வானைக் கடலில் இருந்து தூக்கித் திருத்தி, லைசென்சும் எடுத்து, இந்தத் திருவிழாவில் அஜந்தா தானே ஓட்டினாள். ஒரு குறைதான். சிலவேளை ஹோர்ன் தன்பாட்டில் அடிக்கும். உப்பு வயருக்குள் ஏறிவிட்டது என்றான் திருத்தினவன். ஊர் அவனை நம்பவில்லை. வயர் என்றால் ஏன் நிரோஜன் அடிக்கிற மாதிரியே அடிக்கிறது என்று கேட்டது.

அன்று காலையும் அடித்தது. நீட்டி ஒருதரம், குறுக்கி இருதரம். மஞ்சள் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற தயாபரனின் கை அந்தரத்தில் நின்றது.

"வயர்," என்றான், யாரும் கேட்காமலே.

"ஓம், வயர்தான்," என்றாள் கோசலா. "இண்டைக்கு ஓட்டம் இல்லை எண்டுதானே கதைச்சவை?"

"கதைச்சதுதான். உம்மடை தங்கச்சி விடியவே மார்க்கண்டு அண்ணையிட்டைப் பேர் குடுத்திட்டா."

மார்க்கண்டு இறங்குதுறையில் வான்களுக்கு முறை பார்க்கிறவர். தோளில் கிடக்கிற துவாயைக் கீழே போட்டு ஓட்டத்தைத் தொடக்கிவைக்கிறவரும் அவர்தான்.

"அவர் என்னெண்டு சம்மதிச்சவர்?"

"ஏலாது எண்டிருக்கிறார். 'போன வருசம் வெள்ளை வான் ஓட்டத்திலை நிண்டதோ, இல்லையோ?' எண்டு கேட்டிருக்கிறா. நிண்டது எண்டிருக்கிறார். 'அப்ப இந்த வருசமும் நிக்கும். ஆர் ஓட்டுறது எண்டது என்ரை வீட்டு அலுவல்' எண்டிட்டு வந்திட்டா."

வேறொரு நாளாக இருந்தால் கோசலா சிரித்திருப்பாள்.

"நீங்கள் நில்லாதேங்கோ."

"நில்லாட்டிச் சனம் என்ன சொல்லும்?"

"ஒரு வருசமாச் சொல்லுறதை விடப் புதுசா என்னத்தைச் சொல்லப்போகுது?"

அவன் திரும்பவும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அதில் அழுக்கே இல்லை.

"நீங்கள் அண்டைக்கு..." என்று கோசலா தொடங்கினாள்.

"தேத்தண்ணி இருந்தாத் தாரும்," என்றான் தயாபரன்.

*

பொட்டை அடைத்ததால் சுற்றித்தான் போகவேண்டும். ஒரு எட்டில் போகிற வீட்டுக்கு, ஒழுங்கையால் இறங்கி, றோட்டில் ஏறி, கேற்றைத் தட்டிக்கொண்டு போனாள் கோசலா. வழியில் கண்டவர்கள் எல்லாம், "எங்கை, தங்கச்சி வீட்டையோ?" என்று கேட்டார்கள். போகிற இடத்தைத் தெரிந்துகொண்டே கேட்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு சுகம்.

அஜந்தா வானுக்குள் இருந்து சீற்றுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தரம் கழுவினாலும் அந்தச் சீற்றுகளுக்குள் இருந்து உப்பு வெளியே வந்துகொண்டிருந்தது. துடைத்த இடம் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கடல் வானை விட்டாலும் வானுக்குள் இருந்த கடல் போகவில்லை.

"என்ன, அத்தான் அனுப்பினவரோ?"

"நான்தான் வந்தனான்."

"வந்தாச்சு, பாத்தாச்சு. போ."

"விசர்க் கதை கதையாதை அஜந்தா. அந்தத் தாம்போதியிலை..."

"அந்தத் தாம்போதியாலை நான் இந்தத் திருவிழா முழுக்க ஓடினனான். அந்த இடம் வந்தா வேகத்தைக் குறைப்பன். சனம் நான் அழப்போறன் எண்டு எட்டி எட்டிப் பாக்கும். நான் அழேல்லை அக்கா. றோட்டின்ரை அகலத்தைப் பாத்தனான்."

"எதுக்கு?"

"நடுவிலை ஒரு வான் போனா மற்றது போக இடமில்லை. ஒதுங்கினா இருக்கு. அத்தான் ஒதுங்கியிருந்தா என்ரை மனிசன் இண்டைக்கு இருப்பார்."

"அத்தானையே கேளன்."

"கேட்டனான். அத்தனை சனத்துக்கு முன்னாலை கேட்டனான். வாய் திறந்தவரோ? இனி வாயாலை சொல்லவேண்டாம், றோட்டிலை சொல்லட்டும். நான் பின்னாலை வருவன். என்ரை மனிசன்ரை ஹோர்னை அவர் அடிச்ச மாதிரியே அடிப்பன். கண்ணாடி மடியுதோ பாப்பம்."

"மடிச்சா?"

அஜந்தா துணியைப் பிழிந்தாள். "மடிச்சா, மடிக்கத் தெரிஞ்ச மனிசன் எண்டு ஒத்துக்கொள்ளுறன்."

"மடிக்காட்டி?"

"ஆரோடை சீவிக்கிறாய் எண்டு உனக்கும் தெரியவரும்தானே."

தங்கச்சி சொன்னதில் பொய் இல்லை. தெரியவேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தவளே அவள்தான்.

"அப்ப நானும் வாறன்," என்றாள்.

"எங்கை?"

"உன்ரை வானிலை. முன் சீற்றிலை."

"ஓட்டத்திலை வெறும் வான்தான் ஓடுறது. ஆக்களை ஏத்துறேல்லை."

"பொம்பிளையள் ஓட்டுறதும் இல்லைத்தான்."

ஒரு வருடத்துக்குப் பிறகு அஜந்தா அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. சிரிப்புக்குக் கிட்டவாக ஏதோ வந்து போனது.

"அந்தக் கதவு இறுகும்," என்றாள். "ஓங்கிச் சாத்தவேணும்."

*

இறங்குதுறையில் சோளகக் காற்று மனிதரை நிற்கவிடவில்லை. நயினாதீவுப் பக்கம் இருந்து கடைசிப் படகு வந்து, கடைசிச் சனத்தைக் கொட்டிவிட்டுப் போயிற்று. கச்சான் கடலை விற்கிறவர்கள் சாக்கை மடித்தார்கள். ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. யாரும் போகவில்லை.

மூன்று வான்தான் இம்முறை. மஞ்சள், வெள்ளை, டெனிஸ்ரனின் சிவப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பழுதைச் சொல்லிக் கழன்றுவிட்டார்கள். டெனிஸ்ரன் எப்போதும் மூன்றாவது. முன்னால் போகிற இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டு ஓடுவதால், மூன்றாவது ஆள் நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வரலாம் என்பது அவன் கொள்கை.

கோசலாவை வெள்ளை வானின் முன் சீற்றில் கண்டதும் அவனுக்கே சத்தம் அடங்கிவிட்டது.

"அக்கா... பெல்ற்றையாவது போடுங்கோ."

"பெல்ற் கடலிலை அறுந்திட்டுது," என்றாள் அஜந்தா.

டெனிஸ்ரன் சிலுவை போட்டுக்கொண்டு தன் வானுக்குப் போனான்.

தயாபரன் வந்தான். கோசலாவின் ஜன்னலுக்குக் கிட்ட வந்து, வானின் மேல் கையை வைக்கப் போய், வைக்காமல் எடுத்தான்.

"இறங்கும்."

"ஏன்?"

"சொல்லுறன், இறங்கும் கோசலா. அந்தப் பக்கம் இராதையும்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் இருந்த பக்கத்துச் சில்லையும், சில்லுக்கு அப்பால் ஒன்றுமில்லாத வெளியையும் பார்த்தான். அங்கே ஏற்கெனவே யாரோ நிற்பது போலவும், அவருக்கு வழி விட்டு நிற்பது போலவும் ஒரு எட்டுப் பின்வாங்கினான்.

"இறங்கமாட்டன்," என்றாள் கோசலா.

"பாத்து ஓட்டும்," என்று அஜந்தாவிடம் சொன்னான். ஒரு வருடத்தில் மச்சாளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"நீங்களும் பாத்து ஓட்டுங்கோ அத்தான்," என்றாள் அவள். அதில் இருந்த கூர் கச்சான்காரருக்கும் விளங்கியது.

மார்க்கண்டு துவாயைக் கீழே போட்டார். சோளகம் அதைத் தரையில் விழவிடாமல் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. ஓட்டம் தொடங்கிவிட்டதா இல்லையா என்று சனம் ஆளையாள் பார்த்தது. மஞ்சள் வான் அதற்குள் புறப்பட்டுவிட்டது.

*

புங்குடுதீவு றோட்டில் பாதி வீடுகளில் ஆள் இல்லை. தெற்கே கடை வைக்கப் போய், பிறகு கடலும் கடந்து போனவர்களின் வீடுகள். சந்திகளில்தான் சனம் நின்று கத்தியது. மற்ற இடமெல்லாம் கதவு போன வாசல்களும் பனை வடலிகளும்தான் பார்த்துக்கொண்டு நின்றன. வெறும் வீடுகளைக் கடந்து வெறும் வான்கள் ஓடின.

அஜந்தா நன்றாக ஓட்டினாள். இரண்டு கையும் ஸ்ரியரிங்கில், கழுத்து முன்னால் நீண்டு. அப்படி இருப்பது நிரோஜனின் பழக்கம். எப்போது இவளுக்குத் தொற்றியது என்று கோசலாவுக்குத் தெரியவில்லை.

பின்னால் சீற்றுகள் கிலுங்கின. ஒவ்வொரு பள்ளத்திலும் யாரோ எழும்பி, கம்பியைப் பிடித்துப் பிடித்து, முன்னுக்கு நடந்து வருவது போலச் சத்தம் கேட்டது. கோசலா திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். அதுதான் பயம்.

"அவர் இப்பிடித்தான் நெருங்குறவர்," என்று அஜந்தா முணுமுணுத்தாள். "இந்த மதகு தாண்டி மூண்டாம் கியரிலை போட்டு..."

"ஆர்?"

"ஆரோ."

தாம்போதி வந்தது. இரண்டு பக்கமும் கடல். வலப்பக்கம் சோளகம் அடித்து அலை கல்லில் மோதியது. இடப்பக்கம் அசைவில்லாத தண்ணீர், நடுவில் கொக்குகள். மஞ்சள் வான் றோட்டின் நடுவில், கல்லுப் போலப் போனது. பின்கண்ணாடி முழுக்க அம்மன் படம். உள்ளே இருக்கிற ஆளின் தலை தெரியவில்லை. வலப்பக்கத்துக் கண்ணாடி மட்டும் ஒரு காது போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அஜந்தா ஹோர்னை அழுத்தினாள். நீட்டி ஒருதரம், குறுக்கி இருதரம்.

கண்ணாடி மடியவில்லை.

"பாத்தியோ," என்றாள். "பார் அக்கா. வடிவாப் பார்."

திரும்பவும் அழுத்தினாள். கோசலா இரண்டு கையாலும் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்தாள். மடியுங்கோ, மடியுங்கோ, என்னைப் பெத்த தாயே, மடிக்கச் சொல்லு. நயினாதீவுப் பக்கம் திரும்பிக் கும்பிட ஏலாது, கும்பிட்டால் கை விட்டுப்போகும்.

மஞ்சள் வானில் இருந்து ஒரு கை வெளியே வந்தது.

வந்து, காற்றில் கொஞ்சம் தயங்கி, கண்ணாடியைப் பிடித்து உள்ளே மடித்தது.

கோசலாவுக்கு மூச்சு வந்தது. "மடிச்சிட்டார்! அஜந்தா, மடிச்சிட்டார்! கண்டியோ?"

"கண்டன்," என்றாள் அஜந்தா. அவள் குரலில் சந்தோசம் இல்லை. முகம் இறுகி வேறு யாரோவாக இருந்தது.

மஞ்சள் வான் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. வலப்பக்கம் றோட்டு அகலமாய்த் திறந்து கிடந்தது. மாட்டுவண்டிகூடப் போகலாம்.

அஜந்தா ஸ்ரியரிங்கை இடப்பக்கம் வெட்டினாள்.

கோசலாவின் ஜன்னலுக்குக் கீழே றோட்டு இல்லாமல் போனது. கல், அதற்குக் கீழே தண்ணீர், ஒரு கொக்கு தலையை நிமிர்த்திப் பார்த்தது. வலப்பக்கம் மஞ்சள் தகரம் கையெட்டும் தூரத்தில் நெருங்கி வந்தது. இன்னும் ஒதுங்கிக்கொண்டிருந்தது. வழி விட்டுக்கொண்டிருந்தது.

"எங்கையடி போறாய்! அந்தப் பக்கம்! அந்தப் பக்கம் விட்டவர்!"

அஜந்தாவுக்குக் கேட்கவில்லை. அப்போது ஹோர்ன் அடித்தது. அவள் கை ஸ்ரியரிங்கின் ஓரத்தில் இருந்தது, ஹோர்னில் இல்லை. கோசலா அதைத் தன் கண்ணால் பார்த்தாள். நீட்டி, நீட்டி, விடாமல் அடித்தது.

மஞ்சள் வான் யாரோ பிடித்து இழுத்தது போல வலப்பக்கம் துள்ளியது. பிறேக் கத்தியது. அஜந்தாவும் மிதித்தாள்.

மஞ்சள் வான் கொஞ்சம் முன்னால் போய், திரும்பவும் இடப்பக்க ஓரமாக நின்றது; வெள்ளை வான் அதற்குப் பின்னால் நின்றது. ஹோர்ன் கொஞ்ச நேரம் தனியே அடித்துவிட்டு, அதுவும் ஓய்ந்தது.

*

கோசலாவால் தன் கதவைத் திறக்க முடியவில்லை. திறந்தால் காலை வைக்க இடமில்லை. அஜந்தாவின் பக்கத்தால் இறங்கினாள்.

தயாபரன் ஓடி வந்தான். அவர்களைப் பார்க்கவில்லை. நேரே இடப்பக்கச் சில்லுக்குப் போனான். ரயரில் பாதி கல்லில் இருந்தது, பாதி ஒன்றிலும் இல்லை. சின்னக் கற்கள் கழன்று, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் விழுந்துகொண்டிருந்தன. அவன் குந்தி இருந்து அந்த ரயரின் மேல் கையை வைத்தான். எடுக்கவில்லை.

"இந்தமுறை இடப்பக்கத்துக் கண்ணாடியைப் பாத்தனான்," என்றான். ரயரோடு கதைப்பது போல இருந்தது. "வலப்பக்கம் வழி விட்டது கண்டனீரோ?"

"கண்டனான்," என்றாள் அஜந்தா.

"றோட்டு முழுக்கக் கிடந்தது. ஏன் அதாலை போகேல்லை?"

"தந்ததை எடுத்துக்கொண்டு போக..." அஜந்தா மூச்சு வாங்கினாள். "மனம் வரேல்லை அத்தான்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கை வாய்க்குப் போனது.

காற்று அவள் சேலைத் தலைப்பை அடித்தது. அதை அடக்க அவளுக்கு நினைவு வரவில்லை.

"அவனுக்கும் வரேல்லை," என்றான் தயாபரன். "மடிச்சனான். வலப்பக்கம் வருவான், வருவான் எண்டு தலையை வெளியிலை போட்டுப் பாத்துக்கொண்டு, இஞ்சாலை ஒதுங்கினன். அவன் இஞ்சாலை வந்தவன். நான் பாக்கேல்லை. ஹோர்ன் நிண்டிட்டுது. கோவிச்சுக்கொண்டு பின்னுக்கு நிண்டிட்டான் எண்டு நினைச்சன். போய்ச் சோடா வாங்கினன்."

அவன் இன்னும் ரயரைப் பிடித்தபடியே இருந்தான்.

"வழி விட்டனீங்களோ எண்டு கேட்டீர். விட்டனான் எண்டு என்னெண்டு சொல்லுறது, பிள்ளை? விடாமல் போயிருந்தா அவன் இருப்பான்."

அஜந்தா அப்படியே றோட்டில் இருந்தாள். அழவில்லை என்று சொல்லித் திரிந்தவள், திருவிழா முழுக்கச் சனம் எட்டி எட்டிப் பார்த்தும் கொடுக்காத அந்த அழுகையை, பார்க்க ஒருவரும் இல்லாத இடத்தில் அழுதாள். "விசரன்," என்றாள். "விசரன். பிடிவாதம் பிடிச்ச விசரன்." செத்தவனைத்தான் ஏசினாள். ஏசிக்கொண்டு தன் கையைப் பார்த்தாள். சற்று முன்னர் ஸ்ரியரிங்கை வெட்டிய கை.

கோசலா இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். சாக விட்டவரா, இல்லையா என்றுதான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓம் என்றும் இல்லை என்றும் சேர்த்து ஒரே பதில் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. யாரிடம் போவது என்று தெரியாமல் நின்று, கடைசியில் தங்கச்சியின் தலையில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கை தன்பாட்டில் புருசனின் பக்கம் நீண்டது. எட்டவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது. டெனிஸ்ரன். இரண்டு வானும் நிற்பதைக் கண்டு வேகத்தைக் குறைத்து, தலையை நீட்டி, "ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையோ?" என்று கத்தினான். தயாபரன் கையைக் காட்டினான், போ என்று. டெனிஸ்ரன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, முன்னால் யாரும் இல்லாத றோட்டைக் கண்டு, வலப்பக்கத்தால் மெல்ல எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வருட முதல் முறை அவனுக்குத்தான். பண்ணையில் காத்திருந்த சனத்துக்குச் சிவப்பு வானைக் கண்டு கைதட்டவும் கை எழவில்லையாம்.

அவன் போன பிறகு தாம்போதியில் காற்று மட்டும் இருந்தது. அஜந்தா எழும்பினாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஏதோ நினைவு வந்தவள் போல முகம் மாறியது.

"அத்தான்."

"ம்."

"இத்தனை வருசம் நீங்கள் ஆருக்கும் மடிச்சதில்லை. அவர் ஹோர்ன் அடிச்சு அடிச்சுக் கை நொந்து வருவார். அண்டைக்கு மட்டும் ஏன் மடிச்சனீங்கள்?"

தயாபரன் ரயரில் இருந்து கையை எடுத்தான். எழும்பினான். கடலைப் பார்க்கவில்லை. கேட்டவளையும் பார்க்கவில்லை. கோசலாவைப் பார்த்தான். அது ஒரு சாதாரணப் பார்வை இல்லை. இனியும் மறைக்கட்டோ, சொல்லட்டோ என்று அனுமதி கேட்கிற பார்வை.

ஒரு வருடமாக உண்மை வேண்டும் என்று அம்மனைக் கும்பிட்டவள் கோசலா. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது தன் பக்கம்தான் திரும்பி நிற்கிறது என்று கண்டாள். போன வருடம் ஓட்டத்துக்கு முதல், "ஒருக்காவெண்டாலும் நிரோஜனுக்கு மடிச்சு விடுங்கோவன்" என்று கேட்டவள் அவள்தான்.

"மழை வரப்போகுது," என்றாள் அவசரமாக. "வாருங்கோ, வீட்டை போவம்."

ஆனி மாதம். வானத்தில் மருந்துக்கும் ஒரு முகில் இல்லை. அஜந்தா அண்ணாந்து பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.